முப்பத்து நான்கு கிரீடங்கள்

அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. பேசினால் திட்ட மாட்டார், முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குத் திட்டே தேவலை. தாம்பரம் ஸ்டேஷனில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு தலையிலும் இரண்டு விரலை வைத்து, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டே வருவார். பத்தொன்பதாவது தலையில் விரல் இருக்கும்போது யாராவது "ஆன்ட்டி, பாத்ரூம் வருது" என்றால் தீர்ந்தது. கையை எடுத்துக்கொண்டு முதல் தலைக்கே திரும்பி நடப்பார். அதற்குள் பீச் டிரெயின் வந்து, நின்று, போயே போய்விடும்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் சர்ச்சின் பழைய ஆட்கள் "ஓ, அவங்களா" என்பார்கள். அந்த "ஓ"வை நான் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருக்கிறேன். நாங்கள் அவரை வெறும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால் எண்ணு ஆன்ட்டி. அது அவருக்கும் தெரியும்.

சண்டே ஸ்கூல் அவர் பொறுப்பு. வார நாட்களில் குரோம்பேட்டையில் ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனியில் வேலை பார்த்தார். தைத்து அடுக்கி வைத்த நோட்டுகளைக் கட்டைவிரலால் ஒரு விசிறு விசிறி, தாள் குறைந்ததைத் தனியே எடுத்துப் போடும் வேலை. ஒருநாள் அவரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. என் எண்பது பக்க நோட்டின் நடுவிலிருந்து ஒரு ஜோடித் தாளைப் பிய்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நீட்டினேன். ஒரே விசிறு.

"நடுவுல ரெண்டு தாள் எங்கடி லில்லி? லவ் லெட்டரா?"

எனக்கு அப்போது பத்து வயது. வெட்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பக்கமே போகவில்லை.

கல்யாணம் ஆகாதவர். சேலையூரில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். "மாப்பிள்ளைங்களையும் எண்ணிப் பாத்திருப்பா. ஒண்ணும் தேறியிருக்காது" என்று என் அம்மா சொல்லிச் சிரிப்பார். வாய்தான் அப்படி. என்னை வெளியே அனுப்புவதென்றால் அம்மா கேட்கும் ஒரே கேள்வி, அவர் கூட வருகிறாரா என்பதுதான். வருகிறார் என்றால் வேறு பேச்சே இல்லை. எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

ஏன் இப்படி எண்ணுகிறார் என்று பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சின்ன வயதில் கூடப் பிறந்தவர் யாரோ திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனதாக ஒரு கதை. நானே ஒருமுறை கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "இருக்கிறது இருக்கான்னு பாத்துக்க வேணாமா?" என்றார். அவ்வளவுதான். வீட்டிலும் அப்படியே. அப்பளம் பொரித்தால் எத்தனை என்று தெரியும். மாடிப்படி எத்தனை, கொடியில் கிளிப் எத்தனை, எல்லாம் தெரியும். "தொட்டு எண்ணினாத்தான் எண்ணினது. சும்மா பாத்து எண்ணுறதெல்லாம் கணக்குல வராது" என்பார். எங்கள் தலையெல்லாம் எண்ணெய் வழியும். எண்ணி முடித்ததும் இடுப்பில் செருகியிருக்கும் கைக்குட்டையில் அந்த இரண்டு விரலையும் துடைத்துக்கொள்வார். துடைத்துவிட்டால் கணக்கு சரி, கிளம்பலாம் என்று அர்த்தம்.

வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். இருபத்தாறு பேர் போனோம். திரும்பக் கிளம்பும்போது பஸ்ஸில் எண்ணிவிட்டுச் சீட்டுகளுக்கு நடுவில் அப்படியே நின்றார். இருபத்தேழு.

"ஒண்ணு ஜாஸ்தி" என்றார்.

டிரைவருக்குப் பசி. "இன்னாம்மா நீ, கம்மின்னா தேடலாம். ஜாஸ்தியா கீதுன்னா இன்னா இப்ப? வண்டிய எட்த்துரலாம்மா" என்றார்.

"நமக்கு ஜாஸ்தின்னா வேற யாருக்கோ கம்மி, சார்."

மறுபடி தொட்டுத் தொட்டு வந்து, எங்கள் நடுவில் சமர்த்தாகச் சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் தலையில் விரலை நிறுத்தினார். வேறு ஏதோ பள்ளிக்கூடத்துக் குழந்தை. கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போய் அவளுடைய டீச்சரைக் கண்டுபிடித்து ஒப்படைத்தார். குழந்தை காணவில்லை என்பதே அந்த டீச்சருக்கு அதுவரை தெரியாது. அன்று முதல் எங்கள் சர்ச்சில் அவர் எண்ணியதை இன்னொருவர் எண்ணிப் பார்ப்பது என்கிற வழக்கமே இல்லாமல் போயிற்று. இதை நன்மை என்றுதான் அப்போது எல்லாரும் நினைத்தோம்.

கோட்டை ஓட்டலுக்கு நாங்கள் போனது எண்பதுகளின் கடைசியில். எனக்குப் பன்னிரண்டு வயது. காட்டாங்குளத்தூருக்கு முன்னால், ஜி.எஸ்.டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ராட்டினமும் சறுக்குத் தொட்டியுமாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா வந்திருந்தது. அதை ஒட்டி, குடும்பத்தோடு வருபவர்கள் தங்குவதற்காக ஒரு ஓட்டல். சும்மா ஓட்டல் இல்லை, ராஜா கோட்டை. நான்கு மூலையிலும் கொத்தளம், சுற்றிலும் நிஜத் தண்ணீர் விட்ட அகழி, அதன் மேல் ஒரு மரப்பாலம். அகழியில் காலால் மிதிக்கிற இரண்டு அன்னப் படகுகள். அந்த ஓட்டலுக்குச் சுண்ணாம்பு வேலை செய்த காண்ட்ராக்டர் எங்கள் சர்ச்சுக்காரர். இன்னும் கூட்டம் வரவில்லை, பிள்ளைகள் ஒருநாள் தங்கிவிட்டுப் போகட்டும் என்று அவர்தான் ஓட்டல்காரர்களிடம் பேசி ஏற்பாடு செய்தார். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த கையோடு நாங்கள் முப்பத்து நான்கு பேர் கிளம்பினோம். கூட பாஸ்டரம்மாவும் சர்ச் அண்ணன்கள் இரண்டு பேரும். எங்களை எண்ணிக்கொண்டு அவர்.

அவரும் எங்களைப் போல அதற்கு முன்னால் ஓட்டலில் தங்கியதில்லை. மரப்பாலத்தில் ஈட்டியோடு நின்ற காவல்காரர் வளைந்து கும்பிட்டு "வாங்க மகாராணி" என்றதும் அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "சும்மா இருங்க சார்" என்றார். சாப்பாட்டுக்கு ஃப்ரைட் ரைஸ். அதையும் முள்கரண்டியில் குத்திக் குத்தித் தின்றோம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர், ஒரு வேஷம். மந்திரி அறை, தளபதி அறை, ராணி அந்தப்புரம். எங்கள் அறையில் கட்டிலுக்கு மேலே பட்டுத்துணியில் விதானம் கட்டியிருந்தது. சுவரில் துப்பாக்கி ஓட்டை மாதிரி ஜன்னல்கள். சில ஜன்னல் நிஜம், சில சும்மா வரைந்தது. அவர் கோட்டையை வெளியே நின்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "அறுபத்தி நாலு ஜன்னல். அதுல இருபத்தி ரெண்டு பொய்" என்றார். அந்தத் தகவல் அவருக்கு ஃப்ரைட் ரைஸைவிட ருசியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

வரவேற்பு ஹாலில் சிமெண்டில் செய்து தங்கப் பெயிண்ட் அடித்த சிம்மாசனம் ஒன்று இருந்தது. எங்கள் தொல்லை தாங்காமல் அதில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை. சின்னப் பெண் மாதிரி காலை ஆட்டிக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

வந்து இறங்கியபோதே எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கிரீடம் கொடுத்திருந்தார்கள். அட்டையில் வெட்டித் தங்கக் காகிதம் ஒட்டியது. எல்லாம் ஒரே மாதிரி. சாயங்காலம் படியில் நிறுத்தி எண்ணும்போது அவர் விரல் பட்டு ஒரு பையனின் கிரீடம் மடங்கிவிட்டது. அவன் அழுத அழுகையில் சாதத்தைக் குழைத்து ஒட்டி, காயும்வரை கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் எண்ண வந்தபோது நாங்கள் எல்லாருமே தலையை இழுத்துக்கொண்டு கத்தினோம். "ஆன்ட்டி, தொடாதீங்க, நசுங்கிடும்." சரி, சரி என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்று முழுக்கப் பார்த்துத்தான் எண்ணினார். அவர் தன் சட்டத்தை எங்களுக்காகத் தளர்த்தினார், பிரியத்தில்தான். வேறு எதற்கும் இல்லை.

இனி வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். பாலத்துக்கு வெளியே பஸ் நின்றது. இரண்டு வாசல் பஸ். அண்ணன்கள் மேலே ஏறி மூட்டை கட்டினார்கள். பாஸ்டரம்மா தலைவலி என்று முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு டிரைவருக்குப் பின்னால், முதல் சீட். அவர் முன்னாலிருந்து எண்ண ஆரம்பித்தார். என்னைத்தான் முதலில் பார்த்தார், உதடு "ஒண்ணு" என்று அசைந்தது. எண்ணி முடிக்கும்வரை யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது எங்களுக்குப் பாலர் வகுப்பிலிருந்தே தெரியும். அவர் நான்காவது வரிசைக்குப் போனபோது கடைசி சீட்டிலிருந்து என் சிநேகிதி மெர்சி எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினாள். பக்கத்தில் ஜன்னல் சீட் காலி. நான் முன்வாசல் வழியாக இறங்கி, பஸ்ஸை ஒட்டி ஓடி, பின்வாசல் வழியாக ஏறி உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்து நேராகப் பார்த்தேன். அவர் வந்தார். பஸ்ஸுக்குள் முப்பது கிரீடத்துக்கு மேல் மின்னிக்கொண்டிருந்தது. என் கிரீடத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"இன்னாம்மா, எண்ணிட்டியா?" என்று டிரைவர் கத்தினார்.

"முப்பத்தி நாலு. எடுங்க சார்."

அந்த ஜன்னல் சீட் ஏன் காலியாக இருந்தது என்று நான் யோசிக்கவில்லை.

அது ஷீபாவின் இடம். ஆறு வயது, எங்களிலேயே சின்னவள். எப்போதும் அவர் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அலைகிற குழந்தை. மூட்டை கட்டுகிற அமளியில் எப்போது திரும்பிப் போனாள், எதற்குப் போனாள் என்று யாருக்கும் தெரியாது. தாம்பரத்தில் சர்ச் வளாகத்தில் பஸ் நின்றதும் பிள்ளைகள் அவரவர் அம்மாக்களிடம் ஓடினார்கள். ஷீபாவின் அம்மா மட்டும் பஸ் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். "எங்க, இவ தூங்கிட்டாளா உள்ள?" என்று கேட்டார். ஆன்ட்டி எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு நிறுத்தி, கிரீடத்தையெல்லாம் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். என் தலையையும் தொட்டார். முப்பத்து மூன்று. எனக்கு அந்த நிமிடமே எல்லாம் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் இதெல்லாம் புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காண்ட்ராக்டர் காரில் ஆன்ட்டியும் ஷீபாவின் அப்பாவும் போனார்கள். போவதற்கு முன்பே ஓட்டல் தோட்டக்காரர் கண்டுபிடித்திருந்தார். அன்னப் படகுகள் கட்டியிருந்த இடத்தில், அகழியில். இடுப்பளவு ஆழம்தான் என்றார்கள். பெரியவர்களின் இடுப்பு.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அகழியில் தண்ணீரை வற்றடித்தார்கள். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு சர்ச் ஹாலில் கமிட்டி கூடியது. பிள்ளைகளை வெளியே விளையாடப் போகச் சொன்னார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

"கிளம்பும்போது எத்தனை எண்ணினீங்க?" பாஸ்டரின் குரல்.

"முப்பத்தி நாலு."

"ஒரு குழந்தை இல்லையேம்மா. அப்போ முப்பத்தி மூணுதானே இருந்திருக்கணும்?"

"முப்பத்தி நாலு இருந்துச்சு, பாஸ்டர்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார் ஒருவர். "தெரியாம ஆயிடுச்சு, எண்ணுறதுல தவறிட்டேன்னு சொல்லிடுங்கம்மா. மனுஷங்கதானே எல்லாரும்" என்றார் இன்னொருவர். அது கெஞ்சலாகவே இருந்தது. அவர்கள் மோசமானவர்கள் இல்லை. அவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் கூடச் சேர்ந்து அழுது, ஜெபம் பண்ணி, அனுப்பி வைத்திருப்பார்கள். அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் முப்பத்து நான்கு எண்ணியிருந்தார்.

கடைசியில் ஷீபாவின் அம்மா எழுந்தார் போலிருக்கிறது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எம்பொண்ணு பஸ்ஸுல இருந்தாளா, இல்லையா?"

"உங்க பொண்ணு இல்ல. ஆனா நான் எண்ணினப்போ முப்பத்தி நாலு இருந்துச்சு" என்றார் அவர்.

கூட்டம் அத்தோடு கலைந்தது. வெளியே வந்தபோது அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். "செஞ்சதும் செஞ்சுட்டு எவ்வளவு திமிரு பாரு" என்றார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இட்லி தின்றுவிட்டுப் படுத்தேன். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை என்பது பத்து வருஷம் நீண்டது.

சண்டே ஸ்கூல் வேறொருவர் கைக்குப் போனது. ஆன்ட்டி சர்ச்சுக்கு வருவதை நிறுத்தவில்லை. பின்வரிசையில் வந்து உட்கார்ந்து, கடைசிப் பாட்டு முடிவதற்கு முன் எழுந்து போய்விடுவார். அவர் இருந்த பெஞ்சில் மற்றவர்கள் உட்காராமல் விட்டது வேண்டுமென்றே அல்ல என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பிறகு நோட்டுக் கம்பெனி வேலையும் போனது. ஒரு விசிறில் முடித்தவர் ஒவ்வொரு நோட்டையும் மூன்று தடவை, நான்கு தடவை விரலில் எச்சில் தொட்டுத் தாள் தாளாக எண்ண ஆரம்பித்தாராம். எண்ணி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "நீங்க ஒரு தடவ பாருங்களேன்" என்பாராம். அவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? அவருடைய தம்பி மனைவி என் அம்மாவிடம் சொன்னது இது. வீட்டில் சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட்டு, வீட்டில் இருக்கிறவர்களை எண்ணி, அதையும் சரிதானா என்று பிள்ளைகளிடம் கேட்கிறாராம். வீட்டில் இருந்ததே ஐந்து பேர்.

ஊருக்கு அவர் திமிர் பிடித்தவர். அவருக்கோ தன் புத்தி தன்னிடம்தான் இருக்கிறதா என்றே சந்தேகம். இரண்டுக்கும் மருந்து என் வாயில் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்குள் அவர்கள் சேலையூர் வீட்டை விட்டுக் கோவிலம்பாக்கத்துக்குக் குடி போயிருந்தார்கள். பத்திரிகை வைக்க அம்மாவும் நானும் போனோம். அன்று சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துதான் போனேன். இதை யாரும் நம்ப வேண்டாம், எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது முதல் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் இளைத்துப்போயிருந்தார். பத்திரிகையை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என் லில்லி" என்றார். அம்மா தம்பி மனைவியோடு சமையலறைப் பக்கம் போனதும் என்னை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். பீரோவிலிருந்து ஒரு பெரிய காலண்டர் தாளை எடுத்துக் கட்டிலில் விரித்தார். பின்பக்கம் வெள்ளையில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு டிரைவர் சீட் தெரிந்தது, இரண்டு வாசல் தெரிந்தது. அந்த பஸ். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர். அழித்து அழித்து எழுதி, தாள் அங்கங்கே நைந்திருந்தது.

"பத்து வருஷமா எழுதறேன்" என்றார். "சர்ச்சுல யாரையாவது தனியா பாத்தா கேப்பேன், நீ எங்க உக்காந்திருந்த, பக்கத்துல யாருன்னு. சில பேரு பயந்து ஓடிடுவாங்க. இருந்தாலும் கேட்டுக் கேட்டு முப்பத்தி மூணு பேரையும் போட்டுட்டேன். இந்தா, நீ இங்க. முதல் சீட்டு. உன்னத்தான் முதல்ல எண்ணினேன், அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

முதல் கட்டத்தில் என் பெயர் அழுத்தமாக, ஒருமுறைகூட அழிக்கப்படாமல் இருந்தது.

"கடைசி வரிசைல இந்த ஜன்னல் சீட்டு மட்டும் பேரு இல்ல. இங்க ஒரு கிரீடத்தப் பாத்தேன், லில்லி. முகம் வரமாட்டேங்குது. நிஜமா பாத்தேனா, இல்ல பாத்த மாதிரி எனக்கு நானே சொல்லிக்கறேனான்னு இப்பல்லாம் தெரியல. மெர்சி பக்கத்துலதான் இருந்தா. துபாய்லேந்து வந்திருந்தப்போ கேட்டேன். ஞாபகம் இல்ல ஆன்ட்டின்னுட்டா."

என் பக்கம் திரும்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"யாராவது ஒருத்தர் எடம் மாறியிருந்தாத்தான் கணக்கு சரியா வரும். யாருன்னு எனக்கு வேணாம். சத்தியமா வேணாம்மா, சின்னப் பிள்ளைங்கதானே எல்லாம். மாறினாங்களா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும். எனக்குப் புத்தி சரியாத்தான் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா போதும். நீ முன்னாடி வாசல்கிட்ட இருந்தியே. யாராவது இறங்கினாங்களா?"

சமையலறையில் அம்மா ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பத்து வருஷம் ஒரு மனுஷியை இப்படி ஆக்கிவிட்டு, இப்போது வந்து, நான்தான் என்று எப்படிச் சொல்வது என்று தோன்றியது. மாறியது யார் என்றுகூட அவர் கேட்கவில்லை. "ஆமா ஆன்ட்டி, யாரோ மாறினாங்க" என்று சொன்னால் போதும். அவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்திருந்தார்.

"இல்ல ஆன்ட்டி" என்றேன். "யாரும் இறங்கல."

என் கையை விட்டுவிட்டு, பெயர் இல்லாத அந்தக் கட்டத்தை இரண்டு விரலால் தொட்டார். பிறகு தலையை ஆட்டினார். "அப்போ நான்தான்" என்றார். காலண்டர் தாளை நான்காக மடித்தார். அதைப் பீரோவில் வைக்கவில்லை. எனக்கு நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் செய்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சாப்பிட்டோம்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்கிற நேரத்தில், பின்வரிசையிலிருந்து அவர் எழுந்து முன்னால் வந்தார். பத்து வருஷமாக மைக் பக்கமே வராதவர். சர்ச்சே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் ஷீபாவின் அம்மா இருந்த பக்கம் பார்த்து, படிக்கிற பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நான் தப்பா எண்ணிட்டேன். முப்பத்தி நாலு இல்ல. முப்பத்தி மூணுதான் இருந்திருக்கு. இத்தன வருஷம் ஒத்துக்காம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

ஷீபாவின் அம்மா எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். சுற்றிலும் எல்லாரும் அழுதார்கள். என் அம்மாவும் அழுதார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். பாஸ்டர் கைகளை உயர்த்தி, உண்மையை அறிக்கை செய்கிறவர்களை ஆண்டவர் கைவிடுவதில்லை என்று ஜெபம் செய்தார். என் கணவர் குனிந்து, யார் இவங்க என்று கேட்டார். சண்டே ஸ்கூல் ஆன்ட்டி என்றேன்.

ஜெபம் முடிந்ததும் எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.